சாம்பல் திரை மட்டும் வருது: பழைய டிவி கேமை ஓட வைக்க ஒரு இழை

#1 கறுப்புப்பொட்டு

பரண்ல இருந்து இறங்கின டிவி கேம். மேலே கேசட் சொருகுற 60 பின் ரகம். ரெண்டு ரிமோட், ஒரு கன், நாலு கேசட்: 9999 இன் 1, கான்ட்ரா, மரியோ 3, டக்டேல்ஸ். அசல் அடாப்டர் காணோம். பின்னாடி ஆன்டெனா பிளக்கும் இருக்கு, மஞ்சள் வெள்ளை ஏவி பிளக்கும் இருக்கு.

வீட்ல கிடந்த ஒரு 9 வோல்ட் எலிமினேட்டரைப் போட்டா சிவப்பு லைட் எரியுது. எல்இடி டிவில வெறும் சாம்பல் திரை. சத்தம் இல்லை. கேசட்டை மாத்தினாலும் அதேதான். ஊதியும் பார்த்தாச்சு. போர்டு போயிடுச்சா, இல்ல எங்கிருந்தாவது ஆரம்பிக்கலாமா?

#2 அரைவோல்ட்

போர்டு போயிருக்காது. இந்த ரகத்தில் பத்துக்கு ஒன்பது கோளாறு கரண்ட்டிலோ காண்டாக்ட்டிலோதான் இருக்கும். முதலில் ஊதுவதை நிறுத்துங்கள், காரணத்தை வேறு யாராவது சொல்வார்கள்.

லைட் எரிவதை நம்ப வேண்டாம். சிவப்பு எல்இடிக்கு 2 வோல்ட்டுக்குக் கீழேயே போதும். சிப்புக்கு வேண்டியது 5 வோல்ட், 4.75க்குக் கீழே இறங்கினால் அது என்ன செய்யும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

பெட்டியைத் திருப்பி ஸ்க்ரூவைக் கழற்றுங்கள். உள்ளே அலுமினியத் தகட்டில் பிடித்து வைத்த மூன்று கால் பாகம் தெரியும், மேலே 7805 என்று இருக்கும், உள்ளே வரும் வோல்ட்டை 5க்கு இறக்குவது அதுதான். எழுத்து உங்களைப் பார்க்கும்படி வைத்தால் இடது கால் உள்ளே வரும் கரண்ட், நடுக்கால் கிரவுண்ட், வலது கால் 5 வோல்ட். மல்டிமீட்டரின் கறுப்பு முனையை நடுக்காலில் வைத்து, ஆன் செய்த நிலையில் மற்ற இரண்டையும் அளந்து இங்கே போடுங்கள்.

இந்தப் பெட்டியைப் பரணில் கண்டெடுக்கும் மற்றவர்களுக்கு: அடாப்டர் சொருகும் முன்பே பொலாரிட்டி பாருங்கள். இந்தப் பெட்டிகள் எதைப் பார்த்துக் காப்பி அடித்தனவோ, அந்த நிண்டெண்டோவின் அசல் ஃபேமிகாம் நடுமுனை நெகட்டிவ். காப்பி பெட்டிகளில் பல அதையே பின்பற்றின, சில மாறியும் இருக்கும். உங்கள் பெட்டி எது என்று தெரிந்துகொள்ள மீட்டரை பீப் நிலையில் வைத்து, 7805இன் தகட்டுக்கும் அடாப்டர் சாக்கெட்டின் நடு ஊசிக்கும் தொட்டுப் பாருங்கள். பீப் வந்தால் நடுமுனை நெகட்டிவ். வெளி வளையத்தில் பீப் வந்தால் நடுமுனை பாசிட்டிவ். இரண்டிலும் வராமல், பக்கத்தில் நாலு டயோடு இருந்தால் எப்படிக் கொடுத்தாலும் ஓடும்.

எலிமினேட்டர்களில் ஒரு குட்டி பொலாரிட்டி சுவிட்ச் இருக்குமே, பெட்டிகளைக் கொன்றதில் அதற்குத்தான் முதலிடம்.

#3 துடைப்பான்

ஊதுவது பற்றி. வாயிலிருந்து போவது காற்று மட்டும் இல்லை, எச்சில் ஈரமும் சேர்ந்துதான். தங்க முலாம் தேய்ந்த இடத்தில் செம்பு பச்சையாகத் துரு ஏறுவதற்கு அதுவே போதும். அப்புறம் ஏன் ஊதினால் வேலை செய்தது? கேசட்டை வெளியே எடுத்துத் திரும்பச் சொருகினீர்களே, அந்த உரசலில் காண்டாக்ட் பிடித்தது. ஊதாமல் சும்மா எடுத்துச் சொருகினாலும் அதே பலன்தான்.

சுத்தம் செய்யும் முறை:

ஐசோப்ரொபைல் ஆல்கஹால், 99 சதவீதம். சானிட்டைசர் வேண்டாம், அதில் கிளிசரினும் தண்ணீரும் இருக்கும், காய்ந்ததும் பிசுபிசுப்பு நிற்கும். காது குடையும் பட்ஸை ஆல்கஹாலில் நனைத்துக் கேசட்டின் 60 விரல்களையும் மேலிருந்து கீழாகத் துடைக்க வேண்டும். குறுக்கே இழுத்தால் அழுக்கு அடுத்த விரலுக்குப் போகும், பஞ்சும் மாட்டும். முதல் பட்ஸ் கரிக்கட்டை மாதிரி வரும். வெள்ளையாக வரும்வரை மாற்றிக்கொண்டே இருங்கள். ஒரு கேசட்டுக்கு ஐந்தாறு ஆகும்.

பெட்டியின் பக்கம் இருக்கும் சாக்கெட்டை எல்லோரும் மறந்துவிடுவார்கள். பழைய ஏடிஎம் கார்டு 0.76 மில்லிமீட்டர் கனம். அதில் பழைய வேட்டித் துணியை ஒரே ஒரு சுற்று சுற்றி, ஆல்கஹால் தெளித்து, நேராக இறக்கி நேராக ஏற்றுங்கள், பத்துப் பதினைந்து தடவை. இரண்டு சுற்று சுற்றினால் கனம் கூடி உள்ளே இருக்கும் ஸ்பிரிங் விரிந்துவிடும். அப்புறம் எந்தக் கேசட் போட்டாலும் லூஸ்தான். கால் மணி நேரம் காய விட்டுப் பிறகு ஆன் செய்யுங்கள்.

கதவு கீச்சுச் சத்தத்துக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்ப்ரேயை இதில் அடிக்காதீர்கள். எண்ணெய்ப் படலம் தூசியை இழுத்து ஒட்ட வைத்துக்கொள்ளும்.

#4 ரப்பர்_ராஜ்ஜியம்

இவ்வளவு எதுக்கு? பென்சில் ரப்பரை வச்சு நாலு தேய் தேய்ச்சா பளபளன்னு ஆயிடும். கடைக்காரங்க எல்லாரும் அதைத்தான் செய்றாங்க.

#5 துடைப்பான்

பளபளப்பு வருவதற்குக் காரணமே மேல் படலம் உரிவதுதான். தங்க முலாம் இருக்கும் கேசட்டில் ரப்பர் போட்டால் நாலாவது தடவையில் நிக்கல் தெரியும், அப்புறம் செம்பு. ரப்பர்த் தூளும் சாக்கெட்டுக்குள் விழும்.

ஆனால் மலிவுக் கேசட்டுகளில் தங்கமே கிடையாது. விரல்கள் வெள்ளையாக இருந்தால் ஈயப் பூச்சு, சிவப்பாக இருந்தால் வெறும் செம்பு. அதில் பச்சைத் துரு கெட்டியாகப் பிடித்திருந்தால், முதலில் வெள்ளை வினிகர் தொட்ட பட்ஸால் ஒரு நிமிடம் ஒற்றி, தண்ணீர் தொட்டுத் துடைத்து, கடைசியில் ஆல்கஹால். அதற்கும் மசியாவிட்டால் ரப்பர், மென்மையான வெள்ளை ரப்பர். மணல் மாதிரி சொரசொரப்பாக இருக்கும் நீல மை அழிப்பான் எந்தக் காலத்திலும் வேண்டாம்.

#6 ரப்பர்_ராஜ்ஜியம்

அப்போ கடைசில ரப்பருக்கும் இடம் கொடுத்துட்டீங்க. அது போதும் எனக்கு 😄

#7 கறுப்புப்பொட்டு

அளந்தாச்சு. இடது கால் 6.1 வோல்ட். வலது கால் 4.2. நடு ஊசிக்கும் தகட்டுக்கும் பீப் வருது, அதாவது நடுமுனை நெகட்டிவ். எலிமினேட்டர்ல 9னுதான் போட்டிருக்கு, அப்புறம் ஏன் 6?

#8 அரைவோல்ட்

எலிமினேட்டரின் முதுகில் எத்தனை மில்லி ஆம்பியர் என்று பாருங்கள். 100, 150 என்று இருக்கும். ரேடியோவுக்குச் செய்தது. உங்கள் பெட்டி கேசட்டோடு சேர்த்து 300 முதல் 500 வரை இழுக்கும், அதனால் வோல்டேஜ் படுத்துவிட்டது. 7805க்குத் தனக்கென்று சுமார் 2 வோல்ட் வேண்டும், அதாவது உள்ளே 7 வந்தால்தான் வெளியே 5 வரும்.

9 வோல்ட் 1 ஆம்பியர் வாங்குங்கள். ஆம்பியர் கூடுதலாக இருந்தால் கெடுதல் இல்லை, பெட்டி வேண்டியதை மட்டும்தான் எடுக்கும். வோல்ட்டைக் கூட்டாதீர்கள். 12 கொடுத்தால் மிச்சம் இருக்கும் 7 வோல்ட் முழுவதும் 7805 தலையில் சூடாக இறங்கும். 400 மில்லி ஆம்பியரில் 2.8 வாட். அந்தச் சின்னத் தகடு அதைத் தாங்காது, அரை மணியில் படம் உறையும்.

கடையில் கிடைக்கும் அடாப்டர்கள் இப்போது பெரும்பாலும் நடுமுனை பாசிட்டிவ். உங்களுக்கு வேண்டியது நெகட்டிவ். வயரை வெட்டி மாற்றி இணைக்க வேண்டியிருக்கும். மாற்றியபின் சொருகும் முன் மீட்டரில் ஒருமுறை பாருங்கள். பாதுகாப்புக்கு உள்ளே வரும் பாசிட்டிவ் தடத்தில் ஒரு 1என்5819 டயோடு போட்டுவிட்டால் தவறிச் சொருகினாலும் ஒன்றும் ஆகாது. 1என்4007 போட்டாலும் சரி, அது கொஞ்சம் கூடுதலாக வோல்ட்டைத் தின்னும்.

செல்போன் சார்ஜரின் 5 வோல்ட்டை அப்படியே அடாப்டர் சாக்கெட்டில் கொடுத்துப் பார்த்துவிட்டு ஓடவில்லை என்று யாரும் எழுத வேண்டாம். 7805 அதில் பங்கு எடுத்துக்கொண்டு மூன்றரை போல்தான் வெளியே விடும். யூஎஸ்பி வேண்டும் என்றால் 7805ஐக் கழற்றிவிட்டு அதன் வலது கால் இருந்த இடத்தில் நேராக 5 வோல்ட் கொடுக்க வேண்டும்.

#9 மேப்பர்_நாலு

கரண்ட் சரியானதும் அடுத்து காண்டாக்ட். எந்தக் கோளாறு எந்தப் பின்னில் என்று தெரிந்துகொண்டால் குருட்டாம்போக்கில் தேய்க்க வேண்டாம்.

60 பின் கேசட்டில் இரண்டு உலகம் உண்டு. ஒரு பாதி கேமின் புரோகிராமைப் படிக்கும் சிபியு பக்கம் (1 முதல் 15, 31 முதல் 44). மறுபாதி படங்களைப் படிக்கும் பக்கம் (17 முதல் 29, 47 முதல் 60). இரண்டும் பலகையின் இரு முனைகளில் இருப்பதால், கேசட் ஒரு பக்கம் தூக்கி நின்றால் ஒன்று மட்டும் போகும்.

ஒரே நிறத் திரை, சத்தம் இல்லை என்றால் சிபியு பக்கம் பிடிக்கவில்லை (அல்லது கரண்ட் இல்லை). பாட்டு ஓடுகிறது, ஸ்டார்ட் அழுத்தினால் கேம் நகர்கிறது, ஆனால் மரியோவுக்குப் பதில் எழுத்துகளும் கட்டங்களும் குப்பையாகத் தெரிகின்றன என்றால் படப் பக்கம். எல்லாம் சரி, ஸ்க்ரோல் ஆகும்போது மட்டும் பின்னணி தப்புத் தப்பாக வருகிறது என்றால் 18வது பின்.

படம் சரி, சத்தம் மட்டும் இல்லை என்றால் 45, 46. ஃபேமிகாமில் சத்தம் பெட்டிக்குள்ளேயே நேராகப் போவதில்லை. 45 வழியாகக் கேசட்டுக்குள் போய் 46 வழியாகத் திரும்பி வரும். கேசட்டுக்குள் கூடுதல் சவுண்டு சிப் வைத்தால் கலந்து அனுப்பலாம் என்பதற்காக அப்படிச் செய்தார்கள். சாதாரணக் கேசட்டில் இரண்டையும் ஒரு செம்புக் கோட்டால் இணைத்திருப்பார்கள். அந்த இரண்டு விரலில் அழுக்கு இருந்தால் ஊமைப் படம்தான். சில காப்பி பெட்டிகளில் போர்டிலேயே இணைத்துவிட்டார்கள், அவற்றில் இந்தத் தொல்லை கிடையாது.

படம் விட்டு விட்டு மின்னினால் அது வேறு இனம். ஃபேமிகாமின் அமெரிக்க, ஐரோப்பிய வடிவமான என்இஎஸ்ஸில் பூட்டுச் சிப் உண்டு, 72 பின். அது கேசட்டை ஏற்காவிட்டால் பெட்டியைத் திரும்பத் திரும்ப ரீசெட் செய்யும். நம் 60 பின் பெட்டிகளில் அந்தச் சிப்பே இல்லை.

#10 கறுப்புப்பொட்டு

9 வோல்ட் 1 ஆம்பியர் போட்டாச்சு, பழைய டிரான்ஸ்ஃபார்மர் ரகம், கனமா இருக்கு. இப்போ வலது கால்ல 5.02. சாக்கெட்டையும் கேசட்டையும் துடைச்சேன். 9999 இன் 1 வந்துடுச்சு, பாட்டோட! மரியோ 3 வருது, கீழ ஸ்கோர் பட்டை குதிக்குது. கான்ட்ராவும் டக்டேல்ஸும் பாட்டு ஓடுது, படம் முழுக்கக் குப்பை. எல்லாத்துலயும் ரெண்டு மங்கலான பட்டை மெதுவா மேல ஊருது.

#11 அரைவோல்ட்

அந்த இரண்டு பட்டைதான் கபாசிட்டர். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், நாலு டயோடு வழியாக வந்தால் 100 முறை ஏறி இறங்கும். படம் நொடிக்கு 50, எனவே ஒரு படத்துக்கு இரண்டு பட்டை. பெட்டியின் 50க்கும் ஈபி லைனின் 50க்கும் மயிரிழை வித்தியாசம் உண்டு, அதனால் ஊர்கிறது. ஒரே ஒரு பட்டை ஊர்ந்தால் டயோடு ஒன்று போயிருக்கிறது என்று பொருள்.

7805இன் உள்பக்கம் இருக்கும் பெரிய கபாசிட்டரைப் பாருங்கள், 1000 மைக்ரோஃபாரட் 16 வோல்ட் என்று இருக்கலாம். தலை உப்பியோ அடியில் பிசின் வடிந்தோ இருந்தால் கேள்வியே இல்லை. உப்பாவிட்டாலும் இத்தனை வருடத்தில் காய்ந்திருக்கும். 2200 மைக்ரோஃபாரட் 25 வோல்ட் போடுங்கள். 16 வோல்ட் வேண்டாம், டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டர் சுமை இல்லாதபோது 13 வரை ஏறும். வெள்ளைக் கோடு போட்ட பக்கம் நெகட்டிவ், மாற்றிப் போட்டால் வெடிக்கும். சென்னையில் இருந்தால் ரிட்சி தெருவில் எந்த பாகக் கடையிலும் கிடைக்கும், மற்ற ஊரில் டிவி ரிப்பேர் கடையில் கேளுங்கள்.

#12 மேப்பர்_நாலு

கான்ட்ராவும் டக்டேல்ஸும் மட்டும் குப்பை என்பது அழகான துப்பு.

சின்ன கேம்களில் படங்கள் ஒரு ரோமில் நிரந்தரமாக இருக்கும், பெட்டி அதைப் படித்தால் போதும். அமெரிக்கப் பதிப்புக் கான்ட்ரா, டக்டேல்ஸ் இரண்டும் வேறு ரகம்: 128 கிலோபைட் புரோகிராம், படத்துக்கு ரோம் கிடையாது, 8 கிலோபைட் ராம். ஒவ்வொரு கட்டம் தொடங்கும்போதும் கேம் தன் படங்களை அந்த ராமில் எழுதிக்கொள்ளும். எழுதும் கம்பி 47வது பின். அது பிடிக்காவிட்டால் ராமில் ஆன் செய்தபோது இருந்த குப்பைதான் திரைக்கு வரும். 9999 இன் 1 எழுதுவதே இல்லை, அதனால் அது தப்பித்தது. இரண்டு கேசட்டிலும் ஒரே கோளாறு என்றால் கேசட்டைவிடச் சாக்கெட்டின் 47ஐத்தான் சந்தேகிப்பேன். டார்ச் அடித்துப் பாருங்கள், அந்த ஸ்பிரிங் மட்டும் உள்ளே அமுங்கி இருக்கலாம். தையல் ஊசியால் மெல்ல முன்னுக்கு இழுக்கலாம், அரை மில்லிமீட்டர் போதும். கண்டிப்பாகக் கரண்ட் இல்லாத நிலையில்.

மரியோ 3க்கு 15வது பின். திரையின் மேல் பகுதி ஓட, கீழ் ஸ்கோர் பட்டை நிலையாக நிற்க, கேசட்டுக்குள் இருக்கும் எம்எம்சி3 வகைச் சிப் கோடுகளை எண்ணி 15வது பின் வழியாகச் சிபியுவைத் தட்டி எழுப்பும். தட்டல் போய்ச் சேராவிட்டால் பட்டை குதிக்கும். ஒரு எச்சரிக்கை: பட்டைக்கு மேலே ஒரு கோடு லேசாக நடுங்குவதும், வலது ஓரத்தில் நிறம் பிசகுவதும் அந்த கேமின் பிறவிக் குணம். அதைத் துடைத்துப் போக்க முடியாது.

#13 சிங்கிள்_லைஃப்

இடையில ஒரு கேள்வி. 9999 இன் 1ல உண்மையில எத்தனை கேம்?

#14 மேப்பர்_நாலு

கணக்குப் போட்டாலே தெரியும். பேட்டில் சிட்டி (நம்ம ஊர் டேங்க்), ரோடு ஃபைட்டர், எக்ஸைட்பைக், சர்க்கஸ் சார்லி, ஐஸ் கிளைம்பர் எல்லாம் ஆளுக்கு 24 கிலோபைட். கேலக்சியன் 16. சூப்பர் மரியோ பிரதர்ஸ் 40. ஆக, 128 கிலோபைட் சிப்பில் ஐந்து சின்ன கேம் வைத்தால் இடம் முடிந்தது. மிச்சம் 9994 வரியும் அதே கேம்கள்தான். வித்தியாசம் காட்டும் வரிகளில், கேம் தொடங்கும் முன் ராமில் ஒரு எண்ணை மாற்றி வைத்திருப்பார்கள்: மூன்றாவது கட்டத்தில் தொடங்கு, லைஃப் கூட வை என்று.

கார்ட்டூன் கேம்கள் அந்தப் பட்டியலில் வராததற்கும் இதுவே காரணம். கேப்காம் செய்த டக்டேல்ஸ் (1989) 128, சிப் அண்ட் டேல் ரெஸ்க்யூ ரேஞ்சர்ஸ் (1990) புரோகிராம் 128, படம் 128, மொத்தம் 256 கிலோபைட். மரியோ 3 சொல்லவே வேண்டாம், 384. அதெல்லாம் தனிக் கேசட்டாகத்தான் வந்தன, விலையும் அதற்கேற்ப.

#15 சிங்கிள்_லைஃப்

இன்னொன்னு. கம்ப்யூட்டர்ல எமுலேட்டர் (டிவி கேம் மாதிரியே நடிக்கிற சாஃப்ட்வேர்) போட்டு அதே கேம் ஓட்டினா வேகமா ஓடுற மாதிரி இருக்கு, பாட்டும் வேற மாதிரி கேக்குது. பிரமையா?

#16 மேப்பர்_நாலு

பிரமை இல்லை, இதில் உங்கள் காதுதான் சரி.

ஜப்பான் ஃபேமிகாம் நொடிக்கு 60 படம். நம் டிவி பால் (PAL) முறை, 50. கேம்கள் படத்துக்கு ஒரு அடி என்று நகர்வதால் 50இல் ஆறில் ஒரு பங்கு மெதுவாகும், பாட்டின் தாளமும்தான். தைவானின் யூஎம்சி நிறுவனம் செய்த சிப் ஜோடி (யூஏ6527பி, யூஏ6538) இதற்கென்றே வந்தது. பெட்டியைத் திறந்ததும் கிரிஸ்டலைப் பாருங்கள், 26.601 என்று இருந்தால் 50 ஹெர்ட்ஸ் வகை. 21.477 என்றால் 60.

ஐரோப்பாவுக்கு நிண்டெண்டோவே செய்த பால் பெட்டியில் சிபியு 1.66 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கியது. ஜப்பான் கேமை அதில் அப்படியே ஓட்டினால் சுருதி அரைச் சுரத்துக்கும் கூடுதலாக இறங்கும். யூஎம்சி காரர்கள் 1.77இல் நிறுத்தினார்கள், ஜப்பானின் 1.79க்குப் பக்கத்தில். அதனால் நம் பெட்டிகளில் தாளம் மட்டும் மெதுவாகி, சுருதி கிட்டத்தட்ட அப்படியே நின்றது. ரஷ்யாவில் டென்டி என்ற பெயரில் விற்ற பெட்டியும் இதே குடும்பம், அதனால் எமுலேட்டர்களில் இந்த முறைக்கு டென்டி என்றே பெயர். மெசன், எஃப்சிஇயூஎக்ஸ் இரண்டிலும் ரீஜன் அமைப்பில் இருக்கும்.

சத்தம் வேறு மாதிரி கேட்பதற்கு இன்னொரு காரணம்: சில காப்பி சிப்களில் சதுர அலையின் 25 சதவீத, 50 சதவீத அமைப்புகள் இடம் மாறிவிட்டன. மூக்கடைத்த மாதிரி வர வேண்டியது உருண்டையாக வரும், உருண்டை மூக்கடைக்கும். எஃப்சிஇயூஎக்ஸில் டியூட்டி சைக்கிளை மாற்றும் தெரிவு தனியாக உண்டு. டென்டி முறையோடு அதையும் போட்டுக் கேளுங்கள், அதுதான் அந்தப் பழைய சத்தம்.

#17 சிங்கிள்_லைஃப்

போட்டுட்டேன். டேங்க் தொடங்கும் பாட்டு... அய்யோ, இதேதான்!

எமுலேட்டருக்கு ரோம் (கேம் ஃபைல்) எங்க கிடைக்கும்?

#18 திண்ணைக்காவல் (நெறியாளர்)

ரோம் இணைப்புகள் இங்கே வேண்டாம். கேட்பதும் வேண்டாம். இழை தொடரட்டும்.

#19 மஞ்சள்பிளக்

டிவி பக்கம் யாரும் வரவில்லையே. கறுப்புப்பொட்டுவின் எல்இடியில் ஏவி உள்ளீடு இருப்பதால் பிழைத்தார். புது டிவிகளில் எச்டிஎம்ஐ மட்டும்தான். ஏவியிலிருந்து எச்டிஎம்ஐ ஆக்கும் மலிவு வெள்ளை டப்பா வாங்குபவர்கள் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

சாதாரண டிவி ஒளிபரப்பு ஒற்றைக் கோடுகள் ஒரு முறை, இரட்டைக் கோடுகள் மறு முறை என்று பின்னிப் பின்னி வரும். டிவி கேம் அப்படி இல்லை, ஒவ்வொரு முறையும் ஒரே கோடுகளில் முழுப் படத்தையும் போடும். டப்பாவுக்கு அது தெரியாது. பின்னி வருவதாக நினைத்து இரண்டு படங்களை ஒன்றாகத் தைக்கும். ஓடும்போது சீப்புப் பல் மாதிரி ஓரங்கள் வருவது அதனால்தான். இன்னும் மோசம், அடிபட்டதும் ஆள் மினுக் மினுக் என்று மறைவானே, அது ஒரு படம் விட்டு ஒரு படம் காட்டுவது. டப்பாவில் அவன் பாதி உடம்போடு நிற்பான், அல்லது முழுசாகக் காணாமல் போவான்.

எட்டுக்கு மேல் உருவங்கள் ஒரே கோட்டில் வந்தாலும் இதே கதைதான். ஒரு கோட்டுக்கு எட்டுதான் பெட்டியால் போட முடியும், மிச்சத்தைக் கேம்தான் மாற்றி மாற்றிக் காட்டும்.

பழைய கார்ட்டூன் பதிந்த விஎச்எஸ் டேப்புக்கு அதே வெள்ளை டப்பா சரியாக வேலை செய்யும், ஏனென்றால் டேப்பில் இருப்பது நிஜமாகவே பின்னி வரும் படம். கேமுக்கு வேண்டுமானால் ரெட்ரோடிங்க் 2எக்ஸ் மாதிரி கேமுக்கென்று செய்த கருவி வாங்குங்கள். ஓஎஸ்எஸ்சி நல்ல கருவிதான், ஆனால் மஞ்சள் பிளக்கை நேரடியாக ஏற்காது.

ஆன்டெனா பிளக் மட்டும் இருக்கும் பெட்டி என்றால், உள்ளே தகர டப்பா ஒன்று இருக்கும், மாடுலேட்டர். அதற்குள் போகும் கம்பிகளில் 5 வோல்ட், கிரவுண்ட், சத்தம், படம் நாலும் இருக்கும். படக் கம்பியிலிருந்து ஒரு பிஎன்பி டிரான்சிஸ்டர் (பிசி557 போதும்) பேஸுக்கு, கலெக்டர் கிரவுண்டுக்கு, எமிட்டரிலிருந்து 300 ஓம் 5 வோல்ட்டுக்கு. அதே எமிட்டரிலிருந்து 110 ஓம், பிறகு 220 மைக்ரோஃபாரட் (பாசிட்டிவ் பக்கம் எமிட்டர் நோக்கி), அங்கிருந்து மஞ்சள் பிளக். டிரான்சிஸ்டர் இல்லாமல் நேராக இழுத்தால் டிவியின் 75 ஓம் சுமையில் படம் மங்கி உருளும். சில போர்டுகளில் டிரான்சிஸ்டர் ஏற்கெனவே இருக்கும், இருந்தால் இரண்டாவது போடாதீர்கள், படம் வெளிறும்.

#20 கறுப்புப்பொட்டு

கபாசிட்டர் மாத்தியாச்சு, பட்டை ரெண்டும் போச்சு. மேப்பர் அண்ணன் சொன்ன மாதிரியே 47ல ஸ்பிரிங் உள்ள அமுங்கி இருந்துச்சு. ஊசில இழுத்தேன், கான்ட்ரா வந்துடுச்சு, டக்டேல்ஸும். மரியோ 3 மூணாவது தடவை துடைச்சதும் பட்டை நின்னுச்சு, ஓரத்து நிறம் மட்டும் பிசகுது, அதை விட்டுட்டேன்.

இப்போ ரிமோட். ஒன்னுல எதுவுமே வேலை செய்யல. இன்னொன்னுல பி மட்டும் அழுத்தி நசுக்கினாத்தான் சுடுது.

#21 துடைப்பான்

ரெண்டும் ரெண்டு வியாதி.

எதுவுமே வேலை செய்யாதது வயர். உள்ளே ஐந்தே கம்பி: 5 வோல்ட், கிரவுண்ட், லாட்ச், கிளாக், டேட்டா. எட்டு பட்டனின் நிலையையும் ஒரு சிப் வரிசையாக ஒரே டேட்டா கம்பியில் அனுப்பும்: ஏ, பி, செலக்ட், ஸ்டார்ட், மேல், கீழ், இடம், வலம். ஐந்தில் எது அறுந்தாலும் மொத்தமும் ஊமை. அறுவது பெரும்பாலும் ரிமோட்டுக்குள் நுழையும் இடத்தில். திறந்து, ஒவ்வொரு கம்பிக்கும் பிளக் முனை வரை பீப் பாருங்கள், வயரை ஆட்டிக்கொண்டே. அறுந்த இடம் தெரிந்ததும் அதைத் தாண்டி ஐந்து சென்டிமீட்டர் வெட்டிவிட்டு ஐந்தையும் திரும்பப் பற்றவையுங்கள். வெட்டும் முன் நிற வரிசையைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். காப்பி ரிமோட்டுகளில் நிறத்துக்கு ஒரு ஒழுங்கே கிடையாது.

பி மட்டும் அடம் பிடிப்பது ரப்பர் பேட். அடியில் இருக்கும் கறுப்புக் கரிப் பொட்டில் மீட்டரின் இரு முனையையும் வைத்து அளந்தால் சில நூறு ஓம் காட்ட வேண்டும். ஆயிரக்கணக்கில் காட்டினால் தேய்ந்துவிட்டது. முதலில் போர்டின் கரித் தடத்தை ஆல்கஹாலில் லேசாக ஒற்றுங்கள், தேய்க்காதீர்கள், தடமே போய்விடும். பேடை வெறும் தண்ணீரில் கழுவிக் காய விடுங்கள். சரியாகாவிட்டால் செலக்ட் பட்டனின் பேடை பிக்கு மாற்றுங்கள், அளவு ஒன்றாக இருந்தால். செலக்டை யார் அழுத்துகிறார்கள்?

அலுமினியத் தாள் ஒட்டும் வித்தை ஒரு மாதம் ஓடும், அப்புறம் பசை கசிந்து தடத்தைக் கெடுக்கும்.

#22 ரப்பர்_ராஜ்ஜியம்

கான்ட்ராவுக்கு 30 லைஃப் கோடு போடுறப்போ பி வேணும், மேல் மேல் கீழ் கீழ் இடம் வலம் இடம் வலம் பி ஏ, அப்புறம் ஸ்டார்ட். பி செத்தா மூணு லைஃப்தான் 😄

#23 கறுப்புப்பொட்டு

வயர் அறுந்தது பிளக் பக்கம். சரியாயிடுச்சு. பேடும் மாத்தியாச்சு. கடைசி ஒன்னு, கன். 9999 இன் 1ல இருக்கிற டக் ஹன்ட்ல ஒரு வாத்தும் விழல. கன் போச்சா?

#24 மஞ்சள்பிளக்

கன் நன்றாகவே இருக்கலாம். உங்கள் டிவியில் அது எந்தக் காலத்திலும் வேலை செய்யாது.

டிரிக்கரை இழுத்ததும் கேம் ஒரு படம் முழுக்கக் கறுப்பாக்கும். அடுத்த படத்தில் வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் போடும். இரண்டு வாத்து என்றால் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு படம். கன்னின் மூக்குக்குள் இருக்கும் ஒளி உணரி கறுப்பில் இருட்டும் வெள்ளையில் வெளிச்சமும் பார்த்தால்தான் குண்டு பட்டது. பல்பைக் குறிபார்த்துச் சுட்டால் ஏன் விழாது என்பதும் இதுதான், கறுப்புப் படத்திலும் வெளிச்சம் தெரிந்தால் கேம் ஏற்காது.

எல்இடி டிவி படத்தை வாங்கிப் பதப்படுத்திக் காட்டுவதற்குள் சில படங்கள் கடந்துவிடும், கேம் அதற்குள் முடிவு எழுதியாயிற்று. அது போதாதென்று, நிண்டெண்டோவின் அசல் கன்னில் ஒரு வடிகட்டியும் உண்டு, படக்குழாய் டிவி கோடு கோடாகத் தீட்டும்போது வரும் சுமார் 15 ஆயிரம் ஹெர்ட்ஸ் துடிப்பை மட்டும்தான் வெளிச்சமாக எடுத்துக்கொள்ளும். எல்இடி திரையில் அந்தத் துடிப்பே இல்லை. டிவியில் கேம் மோடு போட்டாலும் பயன் இல்லை.

படக்குழாய் டிவி ஒன்று தேட வேண்டும்.

#25 கறுப்புப்பொட்டு

பழைய சாமான் கடைல 14 இன்ச் ஒன்னு கிடக்கு. வாங்கும்போது எதைப் பாக்கணும்?

#26 அரைவோல்ட்

கடையிலேயே கரண்ட் கொடுத்துப் பாருங்கள். பெட்டியையும் 9999 இன் 1ஐயும் கையோடு கொண்டுபோங்கள். ஏவி உள்ளீடு இருக்க வேண்டும். ஆன் செய்து ஐந்து நிமிடம் கழித்துப் பாருங்கள், முதல் நிமிடம் எந்தக் குழாயும் மங்கலாகத்தான் இருக்கும். வெள்ளைத் திரையில் மூலைகளில் ஊதா, பச்சைத் திட்டு தெரிந்தால் காந்தப் பிசகு, ஆஃப் செய்து அரை மணி விட்டு ஆன் செய்தால் பல சமயம் போய்விடும். படம் நடுவில் ஒரே கிடைக்கோடாகச் சுருங்கினால் வாங்காதீர்கள்.

பின்பக்க மூடியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் குழாயின் அனோடில் பல ஆயிரம் வோல்ட் நிற்கும். ஐந்து வோல்ட் பெட்டியில் ஊசி விட்ட தைரியத்தில் அதைத் தொட வேண்டாம், டிவி மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

#27 கறுப்புப்பொட்டு

வாங்கியாச்சு. முதல் ரவுண்டுல பத்துக்கு எட்டு வாத்து. கன் நல்லாத்தான் இருக்கு.